மேடையில் நெருப்பு, முன்வரிசையில் குழந்தைகள்

பிப்ரவரி மாதக் கடைசியில் பெங்களூர்ப் பள்ளிகளில் விஞ்ஞானக் கண்காட்சிகள் களைகட்டுவது வழக்கம். திருச்சியில் பிறந்து, கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, 1933-இல் இந்நகருக்கு வந்து, 1970-இல் இங்கேயே மறைந்த சர் சி.வி. ராமன், தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவை 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி கண்டறிந்தார். அதன் நினைவாக 1987 முதல் அந்நாள் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன், ஈஜிபுரம் என்று நம்மவர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், சந்துக்குள் இருக்கும் சிறு பள்ளிகளும்கூட இந்நாளை விடுவதில்லை. அட்டையில் செய்த ராக்கெட்டும், தெர்மாகோலில் செய்த சூரிய மண்டலமும் வகுப்பறைகளை நிறைத்துவிடுகின்றன.

ஆனால் கூட்டம் கூடுவது அங்கெல்லாம் அல்ல. எந்த மேஜையில் நெருப்பு எழுகிறதோ அங்கேதான். ரசாயன ஆசிரியர் நாலைந்து பீங்கான் கிண்ணங்களில் ஸ்பிரிட்டை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கொளுத்துகிறார். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் ஊதாச் சுவாலை. பக்கத்து மேஜையில் ஆரஞ்சு நிறப் பொடியைக் குவித்துப் பற்றவைக்க, அது பொறி கக்கிப் பச்சைச் சாம்பலை மலைபோல் குவிக்கிறது. தீக்குச்சியே இல்லாமல் தீ மூட்டிக் காட்டுகிறான் ஒரு மாணவன். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்த அப்பாவும் தம்மையறியாமல் கைதட்டுகிறார். நியாயமே. சிவகாசியின் மத்தாப்பு ஏன் சிவப்பாக எரிகிறது, பச்சையாக எரிகிறது என்ற ரகசியம் அந்தக் கிண்ணங்களில்தானே இருக்கிறது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம் அல்லது தாமிரம், மஞ்சளுக்கு நம் வீட்டு அடுப்படியில் உள்ள சாதாரண உப்பு. ஒரு வருஷம் முழுவதும் கரும்பலகையில் எழுதிப் போட்டாலும் மனத்தில் பதியாத பாடம், அரை நிமிஷத்தில் பதிந்துவிடுகிறது.

இத்தகைய செயல்விளக்கங்கள் வேண்டும் என்பதே நமது கருத்து. ஆனால் இன்று பல இடங்களில் அவை நடக்கும் விதம் நம்மைக் கவலையில் ஆழ்த்துகிறது.

நாம் போய்வந்த ஒரு கண்காட்சியை நினைத்துப் பார்க்கிறோம். கிண்ணங்களுக்கு ஒரு முழ தூரத்தில், பாய் விரித்து, ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள். சின்னவர்கள் என்பதால் அவர்களுக்கு முன்வரிசை. ஸ்பிரிட் பாட்டில் மூடி திறந்தபடி அதே மேஜையில். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வாளி மணலோ தண்ணீரோ இல்லை. ஒரே ஓர் ஆசிரியை. அவரே பேச வேண்டும், அவரே கொளுத்த வேண்டும், எட்டி எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை அவரே அதட்ட வேண்டும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதாலேயே அடுத்த ஆண்டும் அப்படியே நடத்துவார்கள்.

நடந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம். வசதிக்குக் குறைவில்லாத அமெரிக்காவிலேயே, 2014-ஆம் ஆண்டில் மட்டும், இந்த வண்ணச் சுவாலை வகை விளக்கங்களில் மூன்று பெரிய விபத்துகள் நேர்ந்தன. ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு பள்ளியில் இரண்டு மாணவர்கள் தீப்புண் பட்டார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், குழந்தைகளுக்கான ஒரு விஞ்ஞான அருங்காட்சியகத்தில் 13 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அடுத்த பன்னிரண்டாம் நாள், டென்வர் நகரப் பள்ளியொன்றில், மேஜையிலிருந்து சுமார் 12 அடி தூரம் சீறிப் பாய்ந்த தீ ஒரு மாணவனின் மார்பைத் தாக்கியது. இவற்றை ஆராய்ந்த அந்நாட்டு ரசாயன விபத்து விசாரணை வாரியம், அதே ஆண்டு அக்டோபரில் ஓர் எச்சரிக்கை அறிக்கையை வெளியிட்டது. மூன்றிலும் குற்றவாளி ஒன்றே: பெரிய பாட்டிலிலிருந்து, தீ இருந்த இடத்தருகே ஊற்றப்பட்ட மெத்தனால்.

மெத்தனாலை நம் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1981 ஜூலையில் இதே பெங்களூரில் 300-க்கு மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த கள்ளச்சாராயத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டவர்களைச் சாய்த்த சாராயத்திலும் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். குடித்தால் விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். கொளுத்தும்போது அது என்ன செய்யும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

அது 11 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை வெளிவிடுகிறது. பெங்களூரின் டிசம்பர் மாதக் குளிரில்கூட விடியற்காலை வெப்பநிலை அநேகமாக 11-க்குக் கீழே இறங்குவதில்லை; பிப்ரவரிப் பகல் பொழுதிலோ 30 டிகிரியைத் தொடுகிறது. ஆகவே, திறந்து வைத்த மெத்தனால் பாட்டில் நம் ஊரில் எந்த நேரமும் தீக்குத் தயாராகவே இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு 6 பங்கு ஆவி கலந்தாலும் எரியும், 36 பங்கு கலந்தாலும் எரியும். இவ்வளவு அகலமான எல்லை பெட்ரோலுக்குக்கூடக் கிடையாது. அதன் ஆவி காற்றைவிடச் சற்றுக் கனமானது. மேஜை மேல் படர்ந்து ஓரத்தில் வழிந்து இறங்கும். எல்லாவற்றையும்விட மோசம், அதன் சுவாலை வெளிர் நீலம். நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

இனி அந்த விபத்து நேரும் விதத்தைக் கவனியுங்கள். கிண்ணத்தில் தீ குறைந்துவிட்டது, அல்லது அணைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கூட்டமோ ஆவலோடு காத்திருக்கிறது. ஆசிரியர் பாட்டிலை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார். கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தீ இருக்கிறது. இல்லாவிட்டாலும் சூடு இருக்கிறது. ஊற்றும் தாரை வழியே தீ ஏறி, பாட்டிலின் வெற்றிடத்தில் நிறைந்திருக்கும் ஆவியைப் பற்றவைக்கிறது. உள்ளே ஏற்படும் அழுத்தம் மீதித் திரவத்தை எரிந்தபடியே பாட்டிலின் வாய் வழியாக வெளியே தள்ளுகிறது. கண்ணிமைக்கும் நேரம். அந்த வாய் அப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? ஊற்றுகிறவர் தம் மேல் சிந்தாமல் இருக்க எதிர்ப்பக்கம்தான் சாய்த்துப் பிடிப்பார். எதிரே இருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார். பார்க்க வந்தவர்கள் எரிகிறார்கள்.

பாதியோ காலோ தீர்ந்த பாட்டில் நிறைந்த பாட்டிலைவிட அபாயம் என்பதும் இதனால் விளங்கும். ஆவிக்கு அங்கே இடம் அதிகம். கண்காட்சியின் கடைசிக் காட்சியில், சாயங்காலம் நாலு மணிக்கு, ஆசிரியர் களைத்திருக்கும்போது கையில் இருப்பது அநேகமாக அந்தப் பாட்டில்தான்.

அமெரிக்க ரசாயனக் கழகம் 2014-லேயே, திறந்த மேஜையில் மெத்தனால் போன்ற எரிதிரவங்களைக் கொண்டு இந்த வண்ணச் சுவாலையைக் காட்டும் முறையையே கைவிடும்படி ஆசிரியர்களுக்குப் பரிந்துரைத்தது. அதே நிறங்களை வேறு விதமாகக் காட்ட முடியும் என்பதால்தான் அவர்கள் இவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள். அந்த முறையைப் பின்னால் சொல்வோம்.

தீயைப் பற்றிப் பெங்களூருக்கு யாரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1981 பிப்ரவரி 7-ஆம் தேதி வீனஸ் சர்க்கஸ் கூடாரம் பற்றி எரிந்து 90-க்கு மேற்பட்டோர் மாண்டதை இந்நகரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறந்தவர்களில் மிகுதியானவர்கள் குழந்தைகள். துணிக் கூடாரம், நெருக்கமான கூட்டம், ஓடுவதற்கு வழியில்லாத அவசரம். 1995 டிசம்பர் 23-ஆம் தேதி அரியானாவில் டப்வாலி என்ற ஊரில், ஒரு பள்ளியின் ஆண்டு விழாப் பந்தல் தீப்பற்றி 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதிலும் பள்ளிப் பிள்ளைகளே அதிகம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தல் எரிந்தபோது மணமகன் உட்பட 50-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இவை ரசாயன விளக்கத்தால் நேர்ந்தவை அல்ல. ஆனால் பள்ளிக்கூடங்களில் ரசாயன விளக்கம் நடப்பது பெரும்பாலும் எங்கே? இடப் பற்றாக்குறையால், முற்றத்தில் போட்ட ஷாமியானாப் பந்தலின் கீழே. மேலே துணி, சுற்றிலும் ஜரிகைக் காகிதம், மூங்கிலில் சுற்றிய சீரியல் விளக்கு வயர். அங்கே சீறி எழும் ஓரடித் தீ எத்தனை அடியாகும் என்று யார் சொல்ல முடியும்?

அப்படியானால் நெருப்பு விளக்கங்களையே தடை செய்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கல்வி இலாகா அதிகாரிகளுக்கு இது மிகவும் பிடித்தமான வழி. ஒரு சுற்றறிக்கையோடு வேலை முடிந்துவிடும். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்கு ஒரு கொல்லன் மகனின் கதையைச் சொல்ல வேண்டும்.

லண்டனில் ஒரு கொல்லருக்குப் பிறந்து, பள்ளிப்படிப்பு அதிகமில்லாமல், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான் ஒரு பையன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் 1812-இல் அவனுக்கு ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நடத்திய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவியின் சொற்பொழிவுகள் ரசாயன விளக்கங்கள் நிறைந்தவை. லண்டனின் பெரிய மனிதர்களெல்லாம் அவற்றைப் பார்க்கத் திரண்டு வருவார்கள். பையன் கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, தன் தொழிலைக் காட்டி அழகாக பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பிவைத்தான். அவ்வாண்டு ஒரு வெடிபொருளை ஆராயும்போது டேவியின் கண்ணில் காயம் பட்டது. எழுதிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அப்படி உள்ளே நுழைந்தவன்தான் மைக்கேல் பாரடே. இன்று நாம் எரிக்கும் ஒவ்வொரு மின்விளக்குக்கும் பின்னால் உள்ள ஜெனரேட்டரின் தத்துவம் அவர் கண்டுபிடித்தது.

ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒரு செயல்விளக்கத்தைப் பார்த்ததால் உலகம் மாறியது. நமது வாசகர்களில் மில்லிலும் ஒர்க் ஷாப்பிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள், ஆபீஸ்களில் குமாஸ்தாக்களாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த பயிற்சி வகுப்புகள் கிடையாது. பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முறை எரியும் அந்தக் கிண்ணத்துத் தீயையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன?

அதே பாரடே பிற்காலத்தில் செய்ததும் கவனிக்கத்தக்கது. குழந்தைகளுக்கென்று ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் அவர் பலமுறை பேசினார். அவற்றில் மிகவும் புகழ்பெற்றது, 1860-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி அடுத்த ஜனவரி வரை நடத்திய ஆறு சொற்பொழிவுகள். பொருள் என்ன தெரியுமா? ஒரு மெழுகுவத்தி. அது எப்படி எரிகிறது, எதை உண்கிறது, எதை வெளிவிடுகிறது என்பதைக் கொண்டே ரசாயன சாஸ்திரத்தில் பாதியைக் காட்டிவிட்டார். ஐரோப்பாவின் தலைசிறந்த விஞ்ஞானி, குழந்தைகள் முன் கொண்டுவந்த தீ அவ்வளவு சிறியது. நம் பள்ளிகளில் ஆண்டுக்கு ஆண்டு தீயின் உயரம் கூடிக்கொண்டே போகிறது. செல்போனில் படம் நன்றாக வர வேண்டுமாம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு மரபு உண்டு. கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பி. பிரேமானந்த், ஊர் ஊராகச் சென்று, சாமியார்கள் அற்புதம் என்று காட்டுவதையெல்லாம் தாமே மேடையில் செய்துகாட்டி, பின் அதன் ரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தார். தீக்குச்சி இல்லாமல் யாக குண்டத்தில் தீ மூட்டுவது அவற்றில் ஒன்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின் விழுந்தால் தானே தீப்பிடிக்கும். அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இந்நகரில் நேஷனல் கல்லூரியைக் கட்டிக் காத்த டாக்டர் எச். நரசிம்மையா, பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976-இல் அற்புதங்களை ஆராயவே ஒரு குழுவை அமைத்துப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். மூடநம்பிக்கையை விரட்ட மேடையில் காட்டிய ஒரு கைப்பிடி நெருப்பு, நூறு கட்டுரைகளைவிட அதிகம் சாதித்தது.

ஆனால் அந்தப் பெர்மாங்கனேட் தீயிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிளிசரின் விட்டவுடன் அது எரியாது. பொடி நைசாக இருந்தால் சில விநாடி. கரகரப்பாக இருந்தால், அல்லது குளிர்ச்சியாக இருந்தால், இன்னும் நேரமாகும். ஒன்றும் நடக்கவில்லையே என்று மாணவன் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகும் அந்தக் கணத்தில்தான் அது எழும். அனுபவசாலிகள் விலகி நின்று காத்திருப்பார்கள். அவர்களைப் பார்த்துக் காப்பியடிக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்குக் காத்திருக்க யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஆரஞ்சுப் பொடி எரிமலையோ வேறொரு விதத்தில் கெட்டது. அமோனியம் டைகுரோமேட் என்ற அந்தப் பொருளில் உள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அது எரிந்து சிதறும் தூசியில் எரியாத துகளும் கலந்து காற்றில் மிதக்கும். அதை மூடிய வகுப்பறையில் காட்டுவதை இன்றே நிறுத்திவிடலாம். எரிமலை வேண்டுமானால் சோடா உப்பும் வினிகரும் போதும். பொறி பறக்காது, நுரை பொங்கும், சின்னக் குழந்தைகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

இனி, எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம். நாடக மேடையில் ஒத்திகை இல்லாமல் ஏறுகிறவர் உண்டா? நெருப்பு விளக்கத்துக்கு மட்டும் ஒத்திகை கிடையாது என்பது வேடிக்கை. அதே இடத்தில், அதே கிண்ணத்தில், அதே அளவில், பிள்ளைகள் இல்லாதபோது ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். தீ எவ்வளவு உயரம் எழுகிறது, எத்தனை விநாடி நிற்கிறது, விசிறி சுற்றினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அப்போதுதான் தெரியும். விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்ற சாதாரண விஷயமே ஒத்திகையில்தான் பலருக்கு உறைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது பாட்டில் விஷயம். தேவையான ஸ்பிரிட்டை முன்கூட்டியே வேறு அறையில் சின்னச் சின்னக் குப்பிகளில், தேக்கரண்டிக் கணக்கில், அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். மீதி பாட்டிலை மூடி, அலமாரியில் பூட்டி, சாவியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்ட பிறகே தீக்குச்சியைத் தொட வேண்டும். ஒரு கிண்ணம் அணைந்துவிட்டால் அன்றைக்கு அந்தக் கிண்ணத்தின் கதை முடிந்தது. கூட்டம் எவ்வளவு கூச்சலிட்டாலும், தலைமை ஆசிரியரே சைகை செய்தாலும், மந்திரியே முன்னால் உட்கார்ந்திருந்தாலும், அதில் மறுபடி ஊற்றக்கூடாது. மேடையில் பாட்டில் இல்லாவிட்டால் அந்தச் சபலத்துக்கே இடமில்லை. ஸ்பிரிட் விளக்குக்கும் இதே விதிதான். எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக்கூடாது. அணைத்து ஆறவிட்டு, வேறு இடத்துக்கு எடுத்துப்போய் நிரப்ப வேண்டும்.

தூரம் அடுத்தது. பத்தடி என்பது குறைந்தபட்சம். பாயை விரித்துவிட்டு, பிள்ளைகள் தானாகப் பின்னால் இருப்பார்கள் என்று நம்புவது வீண். கயிறு கட்ட வேண்டும், அல்லது பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு மறிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு முன்வரிசை தரும் வழக்கத்தை நெருப்பு விளக்கத்துக்கு மட்டுமாவது மாற்றி, அவர்களைப் பின்னால் மாடிப்படியிலோ பெஞ்சு மேலோ உயரத்தில் உட்கார வைக்கலாம். நன்றாகத் தெரியும், பத்திரமாகவும் இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே கெட்டியான பாலிகார்பனேட் பலகை ஒன்றை நிறுத்தினால் மேலும் நல்லது. ஆனால் டென்வரில் தீ 12 அடி பாய்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பத்தடி தூரம் கிண்ணத்துத் தீக்குப் போதும். பாட்டிலிலிருந்து சீறும் தீக்குப் போதாது. தூரம் இருக்கிறதே என்று பாட்டிலை மேடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டாம்.

கூரை வெட்டவெளியாகவோ கான்கிரீட்டாகவோ இருக்க வேண்டும். பந்தலின் கீழ் நெருப்பு கூடவே கூடாது. திரைச்சீலை, ஜரிகைத் தோரணம் எதுவும் அருகில் தொங்கக் கூடாது. கதவுகள் திறந்திருக்க வேண்டும். நுழைவுச் சீட்டு இல்லாதவர் வந்துவிடுவார்கள் என்று பின்கதவைப் பூட்டும் பழக்கம் நம் விழாக்களில் இன்னும் போகவில்லை. நிறம் நன்றாகத் தெரிய விளக்குகளைக் குறைத்தாலும், வாசலண்டை உள்ள விளக்கு எரியட்டும்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெரிகாட் யூனிபாரம் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விளக்கம் காட்டும் மாணவன் பருத்திச் சட்டை போட்டு, அதன்மேல் பருத்தி ஏப்ரன் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். மாணவியானால் துப்பட்டாவை எடுத்துவிட்டு, சடையை முடிந்துகொள்ள வேண்டும். சானிடைசர் தடவிய கையோடு தீயருகே போகக் கூடாது, அதுவும் ஸ்பிரிட்தான்.

தீயணைக்கப் பெரிய செலவு தேவையில்லை. எரியும் கிண்ணத்தை மூட ஓர் எவர்சில்வர் தட்டு போதும். காற்றில்லாமல் தானே அணையும். ஊதி அணைக்க முயன்றால் எரியும் திரவம் தெறிக்கும். இரண்டு வாளி மணல், ஒரு சுத்தமான கம்பளி. நமது கர்நாடகத்துக் கிராமங்களில் ஆட்டுக்காரர்கள் போர்த்தும் கரும்கம்பளியைப் பார்த்திருப்பீர்கள். சுத்தக் கம்பளி எளிதில் பற்றாது. உடையில் தீப்பிடித்தவரை ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்துப் போர்த்த அதைவிட நல்லதில்லை. நைலான் கலந்த போர்வையைக் கொண்டுவந்துவிட வேண்டாம். ஒருவர் விளக்கம் காட்டட்டும். இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு, வேறெந்த வேலையும் இல்லாமல், தட்டோடும் கம்பளியோடும் பக்கத்தில் நிற்கட்டும்.

புண் பட்டுவிட்டால், நம் வீடுகளில் இங்க், பற்பசை, மாவு, மஞ்சள் என்று கையில் கிடைத்ததைத் தடவும் வழக்கம் இன்றும் உண்டு. அத்தனையும் தவறு. குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். பிறகு சுத்தத் துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விக்டோரியா மருத்துவமனையில் தீப்புண்ணுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்கு 112 எண்ணைக் கூப்பிடலாம்.

பின்னால் சொல்வதாக முன்பு குறிப்பிட்ட முறை இதுதான். ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக் குச்சிகளை, ஒவ்வொரு உப்பையும் தண்ணீரில் கரைத்து, அதில் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். மறுநாள் அந்த ஈரக் குச்சியை காஸ் பர்னர் தீயில் காட்டினால் அதே சிவப்பு, அதே பச்சை, அதே ஊதா. ஊற்றுவதற்குத் திரவமே இல்லை, பாய்வதற்குத் தீயுமில்லை. குச்சியைத் தண்ணீரில் போட்டால் அணைந்துவிடும். கிண்ணத்துத் தீயைப்போல் இது கூரையைத் தொடாது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் கண்ணாடி அணிந்து, ஆசிரியர் அருகிருக்க, தானே ஒரு குச்சியைப் பிடித்து நிறத்தைப் பார்க்க முடியும் என்ற வசதி கிண்ணத்தில் உண்டா? வசதியில்லாத பள்ளிகள் இந்த முறையோடு நின்றுவிடுவதே உத்தமம் என்று நாம் கருதுகிறோம்.

கல்வி இலாகாவுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஆசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆய்வக உதவியாளர் இல்லாமல், தம் கைக்காசில் உப்பும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து விளக்கம் காட்டுகிறவர், தம் மாணவர்கள் மேல் உள்ள பாசத்தால்தான் செய்கிறார். அவருக்குக் கண்ணாடியும் கம்பளியும் வாங்கித்தர ஒரு சிறு தொகை, ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சி, இவ்வளவுதான் கேட்கிறோம். பயிற்சிக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. கப்பன் பார்க்கை ஒட்டி, கஸ்தூர்பா ரோட்டில், 1962-இல் நேரு திறந்து வைத்த விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம் பெரியவர்கள் இன்னும் அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. இந்த விஞ்ஞானக் கழகத்திலேயே 2018 டிசம்பரில் ஒரு சோதனைக்கூட வெடிப்பில் ஆராய்ச்சியாளர் ஒருவர் உயிரிழந்தார். தேர்ந்தவர்களையும் விடாத விஷயம் இது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? தீயணைப்புப் படையினர் அழைத்தால் பள்ளிக்கு வந்து செயல்முறை காட்டுவார்கள். இந்த மூன்று தரப்பையும் பிப்ரவரிக்கு முன்பே, டிசம்பர் மாதத்தில், ஒரு நாள் ஒன்றாகக் கூட்டிவைக்க வேண்டியது இலாகாவின் வேலை. தமிழ்ச் சங்கத்தினரும் தமிழ் மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்காக இதில் முன்கை எடுக்கலாம்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பள்ளிக்குப் போனால் ஆசிரியரிடம் கேள்வி கேட்கலாமா, நாம் படிக்காதவர்கள் ஆயிற்றே என்ற தயக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. பாய்லர் பக்கத்திலும் வெல்டிங் பொறிக்கு நடுவிலும் நாள் முழுக்க நிற்கிறவருக்கு, எரியும் இடத்தருகே எதை வைக்கக்கூடாது என்று தெரியாதா? 2023 அக்டோபரில், நம் எல்லையோரம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தபோது மாண்டவர்களில் பெரும்பாலோர், தீபாவளிச் சீசனில் நாலு காசு சம்பாதிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்களில் மாணவர்களும் உண்டு. பட்டாசுக்கும் தீக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வருகிற 28-ஆம் தேதி கண்காட்சிக்குப் போகும் தகப்பனாரோ தாயாரோ, நெருப்பு மேஜைக்கு முன்னால் வந்ததும், ஆசிரியருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "சார், ஸ்பிரிட் பாட்டில் எங்கே இருக்கிறது?" பூட்டிய அலமாரியில் என்று பதில் வந்தால் பிள்ளையோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். இதோ இங்கேதான் என்று மேஜைக்கடியிலிருந்து எடுத்துக் காட்டினால், அதை உள்ளே கொண்டுபோய் வைக்கும்வரை பிள்ளையின் கையை விடாமல் கடைசி வரிசையிலேயே நிற்கலாம்.